தணிகாசலத்தின் மேற்குச் சுவர்

தொட்டிக்குள் இறங்கி நின்றிருந்தேன். மார்பு வரை சிமெண்டுச் சுவர், தலைக்கு மேல் பங்குனி வெயில். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் கொசுவலை கட்டிக்கொண்டிருந்தேன்.

மழை வர இன்னும் மாதக்கணக்கு இருந்தது. அந்த வேலைக்கு அவசரமே இல்லை. ஆனாலும் மூன்றாவது முறையாக அதை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். காரணம், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கிழக்குச் சுவர் எப்படி?” என்று கேட்டார் இன்ஜினியர் அம்மா.

“அது ஒழுங்காத்தான் கீதும்மா. வடக்கு, தெக்கு எல்லாம் அதே மாதிரிதான்” என்றான் தணிகாசலம்.

“மேற்கு?”

“மேக்காலதுதான் பேஜாரு. நாலு கோடு மேல ஏறி நிக்கிது. சாயங்காலம் இன்னும் ஏறும். பாருங்க, எழுதி வெச்சிக்கீறேன்.”

நோட்டுப் புத்தகத்தின் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“பார்த்து எழுதுறப்ப தப்பு வரலையே?”

“படுத்துக்கினு கீறவனுக்கு வேற இன்னாம்மா வேல? பொழுதினிக்கும் சூடு காட்டற அந்தக் கண்ணாடிக் குயாயைத்தான் பாத்துக்கினு கீறேன். ராத்திரி வள்ளி என்னைப் பொரட்டிப் போட்டா, முதுகு தோசக்கல்லுல பட்ட மாதிரி கீது.”

இன்ஜினியர் அம்மா நோட்டை மூடுவது கேட்டது. பிறகு சொன்னார்.

“அப்போ இந்தக் கட்டு இந்த ஊர் வெயிலுக்குச் சரிப்படலைன்னுதான் நான் எழுதணும். சனிக்கிழமை சங்கத்துக்காரங்க வர்றாங்க. மீதி பதினொரு வீட்டுக்கும் ஒத்தைக்கல் சுவர், மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுன்னு முடிவு பண்ணிடுவாங்க.”

கையிலிருந்த கட்டுக்கம்பி நழுவி விரலைக் கிழித்தது. அந்தச் சுவர் ஏன் சுடுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்து, நான்காவது முறையாகக் கொசுவலையை அவிழ்த்தேன்.

கட்டிலில் கிடந்தவன்

சென்ற வாரம் இந்தத் தொடரில் ஏரி மதகைப் பூசிய கதையை எழுதியிருந்தேன் அல்லவா, அதை ரோசம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். ரோசம்மா என் மனைவி. இருபது வருஷத்துக்கு மேல் எனக்குப் பின்னால் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தவள்.

முழுதும் கேட்டுவிட்டு, “மதகு, மண்ணு எல்லாம் எழுதறே. தணிகாசலத்த எப்ப எழுதுவ?” என்றாள்.

“அத எழுதணுமா?”

“எழுதாத வுட்டா, நீ நல்லவனாவே முடிஞ்சிடுவ.”

அதனால் எழுதுகிறேன்.

எங்கள் காலனி மானாம்பதிக்குப் பக்கத்தில். தணிகாசலமும் நானும் ஒரே தெரு, ஒரே வயது. அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், நாங்கள் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள். அதற்கு மேல் இரண்டு குடும்பத்துக்கும் வித்தியாசம் கிடையாது. யாருக்கும் சொந்த நிலம் ஒரு சாண் இல்லை. நான் ஐந்தாவதோடு நின்றேன். அவன் எட்டாவது வரை போனான். கணக்கு நன்றாக வரும்.

அரிசி ஆலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். ஒருநாள் லாரி மேல் அடுக்கிய மூட்டைகள் சரிந்தன. அவனும் கூடவே விழுந்தான். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. அன்றிலிருந்து கயிற்றுக் கட்டில்தான். அவன் மனைவி வள்ளியம்மா காலையில் களை பறிக்கப் போனால், சாயங்காலம்வரை ஓலைக் குடிசையில் தனியாகக் கிடப்பான். அவனே புரண்டு படுக்க முடியாது. கைகளை அசைப்பான், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புவான். ஆனால் வாய் சும்மா இருக்காது. தெருவில் யார் நடந்தாலும் செருப்புச் சத்தத்தை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வம்பு இழுப்பான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், செங்கல்பட்டிலிருந்து ஒரு சங்கத்தார் எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு கட்டித் தருவதாக வந்தார்கள். முதல் வீடு தணிகாசலத்துக்கு என்று தெருவே சேர்ந்து சொல்லிற்று. இரண்டாவது எனக்கு. மேஸ்திரியும் நான்தான்.

ஒரு குடம் தண்ணீர்

சங்கம் அனுப்பிய இன்ஜினியர் சின்ன வயதுப் பெண். பேருந்தில் வருவார். ஒரு துணிப்பை, ஒரு ஆண்கள் குடை. எங்களைவிட வயதில் சின்னவர் என்றாலும் நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிட்டோம். அவர் என்னை “மேஸ்திரி” என்பார், “நீங்க” என்பார். அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவர் “நீங்க” என்றாலே எனக்குக் கூச்சத்தில் தலை கவிழ்ந்துவிடும்.

அந்த வருஷம் மழை பொய்த்து, ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. தெருவுக்கு ஒரே ஒரு கைப்பம்பு. விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். இன்ஜினியர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

“இந்த வீட்டு வேலைக்குப் போற ஒவ்வொரு குடமும், யாரோ ஒருத்தர் உலை வைக்க இல்லாம போற குடம். அதை மறந்துடாதீங்க.”

அதுவரை நாங்கள் செங்கல் நனைக்கிறோம் என்று குவியல் மேல் தண்ணீரை வாரி ஊற்றுவோம். பாதி மண்ணுக்குப் போகும். இவர் பாதியாக வெட்டிய ஒரு டிரம் வரவழைத்து, செங்கலை அதில் முக்கி எடுக்கச் சொன்னார். சுவருக்கு ஈரச் சாக்குக் கட்டினோம். கூரை போட்டால் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது வழக்கம். அதற்குப் பதிலாக வைக்கோலை நனைத்துப் பரப்பினோம்.

கூரையும் வேறு மாதிரி. கம்பிகளுக்கு நடுவே பழைய சீமை ஓடுகளை வைத்து, அதன் மேல் கான்கிரீட். சிமெண்டும் மிச்சம், சூடும் குறையும் என்றார். குளித்த தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் கல்வாழைப் பாத்திக்குப் போக வாய்க்கால். மழைத்தண்ணீர் பிடிக்க அந்தத் தொட்டி.

எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. சுவர் ஒன்றுதான் பிடிக்கவில்லை.

பொந்து

வழக்கமாகச் செங்கலைப் படுக்கவைத்துக் கட்டுவோம். இந்தச் சுவரில் செங்கலை விலாவில் நிறுத்தவேண்டும். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, அடுத்துக் குறுக்கே ஒன்று. நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பொந்து. சுவர் முழுதும் இப்படிப் பொந்துகள்.

“உள்ள இருக்கிற காத்து நகராது மேஸ்திரி. டீக்கடை பிளாஸ்க் பார்த்திருக்கீங்கல்ல? வெளிய அடிக்கிற வெயில் சீக்கிரம் உள்ள வராது. செங்கல் கம்மி, அதைச் சுடுற விறகு கம்மி, கலவை கம்மி, தண்ணியும் கம்மி. விசிறி இல்லாமலே தணிகாசலம் படுத்திருக்கலாம்” என்றார்.

தலையாட்டினேன். எதற்கும் தலையாட்டுவதுதான் என் வழக்கம்.

உத்திரமேரூரில் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த கரீம் பாய் எனக்கு நெடுநாள் பழக்கம். கட்டுக்கம்பி வாங்கப் போனபோது இந்தச் சுவரைப் பற்றிச் சொன்னேன். தராசை அப்படியே விட்டுவிட்டுச் சிரித்தார்.

“உள்ள காலியா? எலி குடித்தனம் பண்றதுக்கா கட்றே? மச்சான்காரன் ஒருத்தன் வந்து கல்லால தட்டிப் பாத்தான்னா உன் பேரு இன்னா ஆவும் தெரியுமா?”

அவர் சொன்னது வேடிக்கை இல்லை. எங்கள் பக்கம் சுவர் நெஞ்சு உயரம் வந்ததும், வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் ஒரு கருங்கல் துண்டோடு வருவார்கள். அடி அடியாகத் தட்டிக்கொண்டே போவார்கள். சத்தம் கெட்டியாக வரவேண்டும். எங்காவது காலியாகக் கேட்டால், மேஸ்திரி உள்ளே கல் வைக்காமல் ஏமாற்றிவிட்டான் என்று பொருள்.

நான் மேஸ்திரியாகும் முன், பெரியாளாக எடுபிடி வேலை செய்த காலத்தில் புள்ளலூர்ப் பக்கம் ஒரு வீடு. அந்த மேஸ்திரி சுவரின் நடுவில் வெறும் மண்ணைக் கொட்டி மூடியிருந்தார். தட்டியபோது தெரிந்துவிட்டது. சுவரை இடித்து, உள்ளே இருந்த மண்ணை அவர் வேட்டியிலேயே வாரிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவரும் வாரிக்கொண்டு தெருவோடு நடந்தார். நானும் கூட்டத்தில் நின்று பார்த்தேன். வேட்டி நுனியிலிருந்து மண் ஒழுகிக்கொண்டே போனது. அதற்குப் பிறகு அவரை அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் தொழிலில் காலிச் சுவர் என்றால் திருட்டு. வேறு மாதிரி நினைக்க எனக்குத் தெரியாது.

ஐந்து நாள்

கிழக்கு, தெற்கு, வடக்கு மூன்று சுவர்களும் இன்ஜினியர் அம்மா முன்னால் நிற்கக் கட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் பொந்தில் கையை விட்டுப் பார்ப்பார். நடுவில் கலவை விழுந்திருந்தால் தன் கையாலேயே எடுப்பார்.

மேற்குச் சுவர் ஆரம்பித்தபோது அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஐந்து நாள் வரவில்லை.

மேற்குச் சுவரை ஒட்டித்தான் தணிகாசலத்தின் கட்டில் வரும். கதவுக்கு நேரே தெருவைப் பார்த்துப் படுக்க அதுதான் இடம். அவனே கேட்டு வாங்கியது. அந்த இடத்தில் நின்று முதல் வரியைப் பார்த்தேன். பொந்து பொந்தாக இருந்தது. கோடையில் இடிமழை வந்தால் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். எலி புகுந்தால் பின்னாலேயே பாம்பு புகும். சுவர் சரிந்தால் நான் எழுந்து ஓடிவிடுவேன். வள்ளியம்மா ஓடிவிடுவாள். அவன்?

சூளையிலிருந்து வந்த உடைந்த செங்கல் துண்டுகள் ஓரத்தில் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பொந்தில் போட்டேன். மேலே ஒரு கரண்டி கலவை. அடுத்த பொந்தில் இன்னொன்று.

“இன்னாய்யா அது, உள்ள போட்டுக்கினே போற?” என்று ரோசம்மா கேட்டாள்.

“இந்தச் செவுருக்கு மட்டும் அப்படித்தான்.”

“அந்தம்மா சொன்னாங்களா?”

“ம்.”

அது பொய். அவளிடம் நான் அதிகம் பொய் சொன்னதில்லை. அதனால் அவள் மேலே கேட்கவில்லை. மத்தியானம் மட்டும், “மத்த செவுருக்கு ஆன மாதிரி ரெண்டு பங்கு தண்ணி போவுது. பம்புல அவளுங்க என்னைத் திட்டறாளுங்க” என்று முணுமுணுத்தாள்.

ஐந்து நாளில் சுவர் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. கருங்கல் எடுத்து நானே தட்டிப் பார்த்தேன். மலை மாதிரி கெட்டியாகச் சத்தம் வந்தது. அன்று சாயங்காலம் நிம்மதியாகக் கஞ்சி குடித்தேன். நண்பனுக்கு நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இன்ஜினியர் அம்மா திரும்பி வந்து பார்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் நான்கு சுவர்களும் ஒன்றுபோல் இருந்தன. “அழகா வந்திருக்கு மேஸ்திரி” என்றார். தலையாட்டினேன்.

சொல்ல வராதது

தை மாதத்தில் தணிகாசலத்தைக் கட்டிலோடு தூக்கிப் புது வீட்டில் வைத்தோம். இன்ஜினியர் அம்மா சுவருக்கு ஒன்றாக நான்கு வெப்பமானி தொங்கவிட்டார். ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, காலை, மத்தியானம், சாயங்காலம் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதச் சொன்னார்.

“எனுக்கு உத்தியோகம் கெடச்சிடுச்சுடா” என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

மாசி பாதி வரை வித்தியாசம் தெரியவில்லை. பிறகு மேற்குச் சுவர் ஏறத் தொடங்கியது. சுவர் இன்னும் காயவில்லை, காய்ந்தால் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பங்குனி பிறந்ததும் அதையும் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் அவன் வீட்டுப் பக்கம் போவேன். வாசல் வரை போய்த் திரும்புவேன். “சாமுவேலு, உன் செருப்பு சத்தம் கேக்குதுடா. உள்ள வராம இன்னாத்துக்கு அங்கயே சுத்தற?” என்பான். போய் உட்காருவேன். அவன் முதுகில் வேர்க்குரு கொத்துக் கொத்தாக இருந்தது. வள்ளியம்மா வேப்பிலை அரைத்துப் பூசியிருப்பாள். கட்டிலை நகர்த்தலாம் என்று ஒருமுறை சொன்னேன். இருந்தது ஒரே அறை. நகர்த்தினால் அடுப்படிப் புகை முகத்தில் அடிக்கும். “எரியறதா, பொகையறதா, எது வோணும்னு கேக்குறியா?” என்று சிரித்தான்.

இரண்டு முறை இன்ஜினியர் அம்மாவிடம் சொல்லிவிடக் கிளம்பினேன். முதல் முறை பேருந்து நிறுத்தம் வரை அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். வழி முழுதும் முதல் வார்த்தையை நாக்கில் வைத்துப் புரட்டினேன். பேருந்து வந்துவிட்டது.

“ஏதாவது சொல்லணுமா மேஸ்திரி?”

“நாஷ்டா பண்ணீங்களான்னு கேக்கலாம்னு…”

மணி அப்போது சாயங்காலம் நாலரை. அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

இரண்டாவது முறை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். எழுத்து எனக்கே பிடிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ரோசம்மா சட்டையைத் துவைக்கும்போது கூழாகிவிட்டது.

அவள் அந்தக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அந்தம்மா சொல்லல. நீயாத்தான் அடச்ச. இல்லயா?”

தலையாட்டினேன்.

“எப்ப சொல்லப் போற?”

“எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்யா. வேற எதால சொல்லுவாங்க?”

உளி

இப்போது மறுபடி அந்தத் தொட்டிக்கு வருகிறேன்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று அவர் சொன்னதும் எனக்கு எங்கள் தெருவில் உள்ளவர்கள் முகம் ஒவ்வொன்றாக வந்தது. ஷீட்டுக் கூரையின் கீழ் பத்து மணிக்கு மேல் யாராலும் இருக்க முடியாது. நான் அடைத்தது ஒரு சுவர்தான். அதனால் பதினொரு குடும்பம் ஷீட்டுக்கு அடியில் வேகப்போகிறது. தணிகாசலமும் இந்தச் சுவரோடே கிடக்கப்போகிறான்.

தொட்டியிலிருந்து ஏறினேன். வாயால் வராது என்று தெரிந்துவிட்டது. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“இன்னாடா, புழுதிக் காலோட வர்ற” என்றான் தணிகாசலம்.

கட்டிலுக்குத் தலைமாட்டில் மண்டியிட்டு, மேற்குச் சுவரில் ஒரு செங்கலைச் சுற்றி உளி வைத்தேன். அந்தச் சுவர்களுக்கு மேல்பூச்சு கிடையாது. சந்துகளை மட்டும்தான் கலவையால் தேய்த்திருந்தோம்.

“மேஸ்திரி! என்ன பண்றீங்க?” என்று இன்ஜினியர் அம்மா எழுந்தார்.

செங்கல் அசைந்தது. நெம்பி வெளியே எடுத்தேன். உள்ளே பொந்து இல்லை. கலவையும் துண்டுக் கல்லும் இறுகிக் கிடந்தன. பெயர்ந்த தூள் தணிகாசலத்தின் போர்வை மேல் விழுந்தது.

எழுந்து கிழக்குச் சுவருக்குப் போய் அங்கேயும் ஒரு செங்கலை எடுத்தேன். காலி. உள்ளே இருட்டாக இருந்தது.

இன்ஜினியர் அம்மா இரண்டு ஓட்டையிலும் கை வைத்துப் பார்த்தார். முதலில் கிழக்கு, பிறகு மேற்கு, மறுபடி கிழக்கு.

“முழுக்கவா?”

தலையாட்டினேன்.

“நான் ஒரு மாசமா தூங்கலை, தெரியுமா? படிச்சதே தப்போன்னு நினைச்சேன். தட்டிப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. ஏன் மேஸ்திரி? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அவர் குரல் உடைந்துவிட்டது. கோபத்திலா அழுகையிலா என்று தெரியவில்லை. நான் உளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இதை இடிச்சுக் கட்டவும் முடியாது. கூரை இதுமேலதான் உட்கார்ந்திருக்கு” என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, “சனிக்கிழமை நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா, தன் தப்பை மறைக்க மேஸ்திரி மேல பழி போடுறாள்னு நினைப்பாங்க” என்று சொல்லிப் போனார்.

நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். அவன் தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சனிக்கிழமை

மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. காலையிலும் மாலையிலும் போனேன். செருப்புச் சத்தம் கேட்டாலும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வேலை இல்லாத அந்த மூன்று நாளில், தெருமுனைக்கும் வீட்டுக்கும் எத்தனை முறை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. “ஒரு எடத்துல குந்துய்யா, எனுக்குத் தல சுத்துது” என்றாள் ரோசம்மா.

சனிக்கிழமை சங்கத்தார் ஜீப்பில் வந்தார்கள். அவர்களுக்குச் செயலாளராக இருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார். தெருவே தணிகாசலத்தின் வாசலில் கூடிவிட்டது. நான் ஓட்டைகளை மூடாமல் விட்டிருந்தேன்.

அவர் குனிந்து இரண்டையும் பார்த்தார். “யார் இதை அடைக்கச் சொன்னது?”

இன்ஜினியர் அம்மா என்னைப் பார்த்தார். தெருவே என்னைப் பார்த்தது. ரோசம்மா பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து விட்டாள்.

“யாரும் சொல்லலீங்க. நானாதான். செவுரு வியுந்தா… அவனால ஓட முடியாதுங்க. அதான் அடச்சிட்டேன்.”

கட்டிலிலிருந்து தணிகாசலம், மூன்று நாளில் முதல் முறையாக என் பெயரைச் சொன்னான்.

“சுட்டாலும் ஓட முடியாதுடா, சாமுவேலு.”

மெதுவாகத்தான் சொன்னான். கூட்டத்தில் கடைசியில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தணிகாசலத்தின் நோட்டை வாங்கி, கிழக்குச் சுவர்ப் பக்கத்தை ஒருதரம், மேற்குச் சுவர்ப் பக்கத்தை ஒருதரம் படித்தார். “ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு விதமும் கட்டிப் பார்த்த மாதிரி ஆயிடுச்சு. இதைவிட வேற சாட்சி வேணாம்” என்று தன்னோடு வந்தவர்களிடம் சொன்னார். மீதி வீடுகளும் பொந்துச் சுவர்தான் என்று அங்கேயே முடிவாயிற்று. தெருவில் மூச்சு வந்தது. யாரோ சிரித்தார்கள்கூட.

“அடுத்த வீடு யாருக்கு?” என்று பட்டியலைப் பார்த்தார்.

“எனக்குங்க” என்றேன். அப்புறம் ஏன் வாய் நிற்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. “அத தணிகாசலத்துக்குக் கட்டிக் குடுங்க. இந்த வூட்ட நாங்க எடுத்துக்கறோம்.”

வள்ளியம்மா, “அண்ணா!” என்று ஏதோ சொல்ல வந்தாள். தணிகாசலம் அவளைக் கையைக் காட்டி நிறுத்தினான்.

“பொந்து வுட்டுக் கட்டுவியா?” என்று என்னைக் கேட்டான்.

“வுடுவேன்.”

“எதிர்லயே கட்டில் போட்டுக்கினு பாப்பேன். ஒரு துண்டுக் கல்லு உள்ள போச்சு, அவ்ளோதான்.”

எல்லோரும் போன பிறகு ரோசம்மா வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதினாள். கஞ்சியை என் முன்னால் டங்கென்று வைத்தாள்.

“இன்னா கோவம்? குடுத்தது தப்பா?”

“குடுத்தது தப்பில்ல. அந்த வூட்ல சோறு ஆக்கப் போறது நானு. என்னை ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா இன்னா சொல்லியிருப்ப?”

“குடுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேக்கணும்ல?”

அதுவரை யாரிடமும் எதையும் வாய்விட்டுச் சொல்லாதவன், முதல் தடவை சொன்னபோது சொல்லவேண்டியவளிடம் சொல்லாமல் விட்டேன்.

கை காட்டுதல்

அடுத்த வீட்டைச் சித்திரையில் ஆரம்பித்தோம். சொன்னதுபோலவே தணிகாசலம் எதிரில் ஓலைப் பந்தலுக்குக் கீழ் கட்டில் போட்டுக் கிடந்தான். ஒவ்வொரு வரி முடிந்ததும் குரல் வரும்.

“கைய வுட்டுக் காட்டு!”

பொந்தில் மணிக்கட்டு வரை விட்டுக் காட்டுவேன்.

“அந்தாண்ட இருக்கறதுல?”

அதிலும் காட்டுவேன். தெருப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்று சிரிப்பார்கள். மேற்குச் சுவர் கட்டும்போது என் கை தானாகவே ஓரத்தில் கிடந்த துண்டுக் கல்லைத் தேடும். ரோசம்மா அதைக் கவனித்துவிட்டு, துண்டுகளை எல்லாம் கூடையில் வாரித் தெருக்கோடிப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

அந்தச் சுவரைக் கட்டி முடித்தபோது நான் நிம்மதியாக இல்லை. அவன் குடிபோன பிறகு வந்த முதல் இடிமழைக்குக் குடை பிடித்துக்கொண்டு அதன் எதிரில் போய் நின்றேன். உள்ளேயிருந்து, “நனையாத போடா, அது நிக்கும்” என்று சத்தம் போட்டான் தணிகாசலம். நின்றது. இன்றும் நிற்கிறது. தெருவில் மற்றப் பத்து வீடும் அதே கட்டுதான். எல்லாம் நான் கட்டியவை. ஒவ்வொன்றிலும் மேற்குச் சுவருக்கு அவனைக் கட்டிலோடு தூக்கி வந்து எதிரில் வைத்தோம்.

தணிகாசலம் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறான். முதுகில் வேர்க்குரு இல்லை. நானும் ரோசம்மாளும் அவனுடைய பழைய வீட்டில் இருக்கிறோம். மேற்குப் பக்கம் பந்தல் போட்டு, குளித்த தண்ணீரைத் திருப்பி அவரைக்கொடி ஏற்றச் சொன்னார் இன்ஜினியர் அம்மா. ஏற்றினோம். கொஞ்சம் குறைந்தது. பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்த வருஷங்களில் அதுவும் இல்லை.

இதை அந்தச் சுவரில் சாய்ந்துதான் எழுதத் தொடங்கினேன். மணி மூன்றாகப் போகிறது. முதுகு சுட ஆரம்பித்துவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, வெளியே வேப்பமரத்தடிக்கு நடந்து போகிறேன்.